ராயக்கோட்டை மலையில் ஒரு நாள், கூடவே ஒரு மார்க் பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

சென்ற மாதம் அயர்லாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் பதினைந்து இருபது படங்கள் அனுப்பியிருந்தாள். டப்ளினிலிருந்து ஒரு தோழியோடு டிரிம் என்ற ஊருக்குப் போயிருக்கிறாள். பாய்ன் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை. நார்மன்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது, அந்த நாட்டிலேயே அந்த வகையில் பெரியதாம். காலையில் கோட்டை, மத்தியானம் ஆற்றங்கரையில் சாப்பாடு, சாயங்காலம் கடைத்தெரு. எந்த அவசரமும் இல்லாத ஒரு நாள். ஒரு படத்தில் உயரமான தூண், அதன் உச்சியில் ஒரு மனிதரின் சிலை. கீழே அவள் எழுதியிருந்தாள்: "சார், இவர் வெலிங்டன் பிரபுவாம். நீங்க கிளாஸ்ல சொன்ன வெல்லெஸ்லி இவர்தானா?"

இவர்தான். ஆர்தர் வெல்லெஸ்லி. 1769இல் அயர்லாந்தில் பிறந்தவர். டிரிம் ஊர்ப்பக்கம்தான் அவர்கள் குடும்பத்துக்கு நிலபுலன். அந்தத் தொகுதிக்கு அவர் பார்லிமெண்ட் உறுப்பினராகக்கூட இருந்திருக்கிறார். நெப்போலியனை 1815இல் வாட்டர்லூவில் தோற்கடித்த பிறகு, 1817இல் ஊர்க்காரர்கள் வைத்த தூண் அது. நம் பாடப்புத்தகத்தில் வரும் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இவருடைய அண்ணன். இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டு பரீட்சையில் எழுதாத மாணவனே கிடையாது. சிலர் இப்போது என்ஜினியர்கள்.

அவளுக்குப் பதில் அடித்தேன்: "இவர்தானம்மா. இந்த மனுஷன் நம்ம கெலமங்கலத்துல வந்து முகாம் போட்டவர், 1799 மார்ச்சில்." உடனே பதில் வந்தது: "கெலமங்கலமா!! சார், நான் அங்க ட்யூஷன் போயிருக்கேன். யாரும் சொல்லவே இல்லையே!"

யாரும் சொல்லவில்லை என்றால் யார் சொல்லவில்லை? நான்தான். அந்தக் கேள்வி இரண்டு மூன்று நாள் மனதில் கிடந்தது. முப்பத்துமூன்று வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன், வீட்டிலிருந்து முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் ராயக்கோட்டை மலைமேல் ஒருநாளும் ஏறியதில்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், தக்காளி மண்டிக்குப் போயிருக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அடிவாரத்தில் நிழலில் உட்கார்ந்துகொண்டு "போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா" என்று அனுப்பியும் இருக்கிறேன். மேலே போனதில்லை.

போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். நம் ஊரில் ரிடையர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருவர் என் நண்பர் என்று உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், சந்தையில் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். என்னை மட்டும் கன்னடத்தில் "மேஷ்ட்ரே" என்றுதான் கூப்பிடுவார். "மேஷ்ட்ரே, முட்டி இருக்கும்போதே ஏறிடணும். நாளைக்கே போலாம்" என்றார். நாளைக்கே போகவில்லை, பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை போனோம்.

காலையில் பேட்டராய சுவாமி கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு. வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. வேட்டைக்கு வந்த பெருமாள், அதனால் பேட்டராயர். காடு வீட்டுவாசல்வரை இருந்த ஊருக்குப் பொருத்தமான சாமி. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு. என் வீட்டம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் என் பையில். போஸ்ட்மாஸ்டர் பையில் அவரைக்காய் போட்ட உப்புமா, அதோடு ஒரு குடை. ஜனவரியில் குடை எதற்கு என்றேன். "யானைக்கு" என்றார்.

சிரிக்காதீர்கள். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, நொகனூர் காடு வழியாக இறங்கி, உதேதுர்க்கம், சானமாவு வரை போகும். வருடா வருடம் நடப்பதுதான். அன்றும் பஸ்ஸில் அதே பேச்சு. முன் சீட்டில் ஒரு பெரியவர் இரவெல்லாம் ராகிக் களத்தில் காவல் இருந்துவிட்டு வந்திருந்தார். கெலமங்கலம் வரை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் அசையவில்லை.

கெலமங்கலத்தில் இறங்கி டீ குடித்தோம். ராயக்கோட்டை பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் போஸ்ட்மாஸ்டருக்கு வெல்லெஸ்லி கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1799. நாலாம் மைசூர் யுத்தம். ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் சென்னைப் படை பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டது. போர்வீரர்கள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். ஹைதராபாத் நிஜாமின் படை வந்து சேர்ந்துகொண்டது. அந்த நிஜாம் படைப்பிரிவை நடத்தியவர்தான் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, முப்பது வயதுகூட ஆகவில்லை. கிருஷ்ணகிரி வழியாக வந்து ராயக்கோட்டையருகே தங்கி, மார்ச் 5ஆம் தேதி எல்லையைத் தாண்டினார்கள். நீலதுர்க்கம், அஞ்செட்டிதுர்க்கம், உதேதுர்க்கம் என்று திப்புவின் சின்னச் சின்ன மலைக்கோட்டைகளை முதல் சில நாட்களிலேயே பிடித்துக்கொண்டார்கள். 9ஆம் தேதி மொத்தப் படையும் கூடிய இடம் கெலமங்கலம். மறுநாள் ஆனேக்கல் பக்கம் நகர்ந்தது.

படை என்றால் சிப்பாய்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பீரங்கி இழுக்கும் மாடு, குண்டு சுமக்கும் மாடு, தானியம் சுமந்து வரும் லம்பாடிகளின் மாடு, கூடாரம் சுமக்கும் யானை, ஒட்டகம், சமையற்காரர், வண்ணார், புல் வெட்டுகிறவர், அவர்கள் குடும்பம். சிப்பாயைவிடக் கூட்டம்தான் பல மடங்கு. பல்லாயிரம் மாடுகள். அத்தனைக்கும் தண்ணீரும் தீவனமும் வேண்டும். திப்புவின் குதிரைப்படை என்ன செய்தது தெரியுமா? நேருக்கு நேர் வந்து மோதவில்லை. முன்னாலேயே போய் வைக்கோல் போரையும் புல்லையும் கொளுத்திக்கொண்டே போனது. மாடு செத்தால் பீரங்கி நிற்கும். அவ்வளவு பெரிய ராணுவத்தின் உயிர் மாட்டு வயிற்றில் இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "யாரோட வைக்கோல் அது?"

நம்முடையதுதான். இந்தக் கெலமங்கலத்துக்காரனுடையது, ஆனேக்கல்காரனுடையது. மார்ச் மாதம், ராகி அறுத்து அடித்து வைக்கோலைப் போர் போட்டு வைத்திருக்கிற நேரம். ஒரு பக்கம் கொளுத்துகிறார்கள், இன்னொரு பக்கம் அள்ளிக்கொண்டு போகிறார்கள். யுத்தம் முடிந்து யார் ஜெயித்தார்கள் என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். அந்த வருடம் இந்த ஊர் மாடுகள் என்ன தின்றன என்று எந்தப் புத்தகத்திலும் கேள்வி வந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

(ஒரு கிளைக்கதை. அதே வெல்லெஸ்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பை இரவில் பிடிக்கப் போய், இருட்டில் வழி தெரியாமல் தோற்றுத் திரும்பினார். மறுநாள் பகலில் போய்த்தான் பிடித்தார். டிரிம் தூணில் இதைச் செதுக்கியிருக்க மாட்டார்கள்.)

ராயக்கோட்டை பஸ் வந்தது. ஏறினோம். அந்தச் சாலை எனக்குப் பிடிக்கும். ஒருபக்கம் காப்புக்காடு, மறுபக்கம் தக்காளி, புதினா, முட்டைகோஸ், நடுநடுவே பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்கள். ரோஜா பிப்ரவரி 14க்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ராயக்கோட்டையில் இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது தக்காளி வாசனை. கிரேட் கிரேட்டாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று விலை குறைவு. ஒரு விவசாயி கிரேட்டின் மேலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன விலை போச்சுங்க?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரித்தார்.

மலை ஊருக்கு மேலேயே நிற்கிறது. அடிவாரத்தில் தொல்லியல் துறையின் பலகை. படிகள் கொஞ்ச தூரம் ஒழுங்காக இருக்கின்றன, பிறகு பாறையும் படியுமாக மாறி மாறி. போஸ்ட்மாஸ்டர் படியை எண்ணிக்கொண்டே வந்தார், முந்நூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கி எண்ணிக்கையை மறந்துவிட்டார். "ஸ்டாம்பு எண்ணுறது சுலபம் மேஷ்ட்ரே." பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, கல்லூரிப் பையன்கள் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் எங்களைத் 'தாத்தா' என்று சொல்வதைக் கேட்காததுபோல் நடித்துக்கொண்டு ஏறினோம். வாசலைத் தாண்டினால் மதில், அப்புறம் இன்னொரு வாசல், இன்னொரு மதில். சுண்ணாம்பு இல்லாமல் பெரிய கல்லை அடுக்கிய இடமும் உண்டு, செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய இடமும் உண்டு. ஒரே காலத்து வேலை அல்ல என்று பார்த்தாலே தெரியும்.

இந்தப் பக்கத்துக் கோட்டைகளின் பழைய கதை விஜயநகரத்தில் தொடங்கும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெனுகொண்டாவைக் காத்த ஜெகதேவராயருக்குப் பாராமகால் சீமை கொடுக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் கண்டீரவ நரசராஜ உடையார் இந்தப் பக்கம் கை நீட்டினார். அப்புறம் ஹைதர், திப்பு. ஒவ்வொருவரும் முன்னவர் சுவர்மேல் தன் சுவரை வைத்தார்கள். யார் எந்தக் கல்லை வைத்தார் என்று சொல்லும் அளவுக்கு நான் கெட்டிக்காரன் இல்லை.

மேலே சுனையில் தண்ணீர் இருந்தது. கூரை போன ஒரு கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். காற்று அப்படி ஒரு காற்று. கிழக்கே பார்த்தால் நிலம் படிப்படியாக இறங்கிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறது. ஏரிகள், தென்னந்தோப்புகள், நடுநடுவே உருண்டைப் பாறைமலைகள். மேற்கே பார்த்தால் நாங்கள் வந்த மேட்டுநிலம். காடு, அதற்கு அப்பால் நம் ஊர். கீழே ஒரு ரயில் போனது. தருமபுரியிலிருந்து ஓசூர் வரை 1913இல் ஒரு குறுகிய ரயில்பாதை போட்டிருந்தார்கள், 1941இல் யுத்தச் சமயத்தில் அது மூடப்பட்டது. இப்போது இருப்பது பிறகு வந்த பாதை. போஸ்ட்மாஸ்டரின் தாத்தா அந்தச் சின்ன ரயிலில் தபால்பை ஏற்றியவராம். அந்தக் கதை அரைமணி நேரம் போனது, இங்கே வேண்டாம்.

உப்புமா முடிந்தபின் அவர் கேட்டார்: "இந்த மலைக்கு எதுக்கு மேஷ்ட்ரே இவ்வளவு அடிதடி?"

உட்கார்ந்த இடத்திலேயே பதில் இருந்தது. கிழக்கே கீழ்நாடு, மேற்கே மேல்நாடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறுகிற கணவாயின் தலைமாட்டில் இந்த மலை. சென்னையிலிருந்து வரும் அரிசியும் பணமும் பீரங்கியும் இந்த வழியாகத்தான் ஏறவேண்டும். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார், மழையிலும் மாடுகள் செத்ததிலும் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடி வாங்கிய பிறகுதான் புத்தி வந்தது, முதலில் வழியைத் திறக்கவேண்டும் என்று. ஜூலையில் ஓசூர், அடுத்தது ராயக்கோட்டை. மேஜர் கௌடி கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். மேல்கோட்டைக்காரர்கள் தாக்குப்பிடித்தார்கள், மொத்தப் படையும் அடிவாரத்தில் வந்து நின்றதும் சரணடைந்தார்கள். அதே வருடம் நவம்பரில் கிருஷ்ணகிரி மலையில் மாக்ஸ்வெல் என்ற தளபதி இதே மாதிரி முயன்று, கீழே பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டை ஏற முடியாமல் திரும்பினார். கல்லை உருட்டிவிட்டார்களாம் மேலிருந்து. படியேறி வந்த எங்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. மேலிருந்து ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை உருட்டிவிட்டான், அதற்கே நாங்கள் ஒதுங்கினோம்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. நீங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்தது: திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுத்தார், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், இரண்டு மகன்கள் பிணை. கம்பெனிக்குக் கிடைத்தவற்றில் மலபார், திண்டுக்கல், பாராமகால். "பாராமகால் என்றால் நம்ம ஜில்லாதான்" என்று நான் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ வந்தார், நிலத்தை அளந்தார்கள், விவசாயிக்கே நேராகப் பட்டா கொடுக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் வேர்விட்டது. இதையெல்லாம் அன்றும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பழக்கதோஷம். கேட்பவர் ஒருவர்தான் என்றாலும் வகுப்பு வகுப்புதான்.

போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்று மேற்கே பார்த்தார். தபால்காரருக்கு எந்த ஊர் எந்த எல்லைக்குள் என்பதுதான் முதல் கேள்வி. "சரி. 1792லேர்ந்து இந்த மலையில கம்பெனிக் கொடி. அப்ப 1799ல ஹாரிஸ் இங்கிருந்து கிளம்பி எல்லையைத் தாண்டினார்னு கெலமங்கலத்துல சொன்னீங்களே. எந்த எல்லை?"

நான் பேசவில்லை.

"கம்பெனி ஊரிலிருந்து கம்பெனி ஊருக்குப் போக எல்லை எதுக்கு மேஷ்ட்ரே? அஞ்செட்டிதுர்க்கம் திப்பு கோட்டைன்னீங்க. கெலமங்கலம் திப்பு ஊரு. அப்ப நம்ம ஊரு?"

உங்களிடம் மறைக்கவேண்டியது ஒன்றும் இல்லை. முப்பத்துமூன்று வருடம் இரண்டு விஷயத்தையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மைசூர் யுத்தம் ஒரு வாரம், நாலாம் மைசூர் யுத்தம் அடுத்த வாரம். இரண்டையும் ஒரே நிலத்தின்மேல் வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த மலையில் நின்றபோது காலுக்குக் கீழே தெரிந்தது. 1792 முதல் 1799 வரை, ஏழு வருடம், ராயக்கோட்டை கம்பெனி. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஓசூர், தளி, அஞ்செட்டி எல்லாம் திப்பு. நாங்கள் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வந்த அந்த ரோட்டில் எங்கேயோ இரண்டு ராஜ்ஜியங்களின் எல்லை இருந்தது. நாம் அந்தப்பக்கத்துக்காரர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் குடைந்தேன். லெஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெசட்டியர், இரண்டும் என்னிடம் நகலாக உண்டு. பல வருடமாக அலமாரிக்கு அழகு. பழைய சேலம் ஜில்லாவை மூன்று பாகமாகப் பிரிப்பார்கள். மலைக்குக் கீழே தெற்கே தலைகாட். நடுவில் பாராமகால். கணவாய்க்கு மேலே பாலாகாட், அதாவது ஓசூர் தாலுகா. அதற்குள்தான் நம் ஊர். முதல் இரண்டும் 1792இல் கம்பெனிக்குப் போயின. பாலாகாட் மட்டும் திப்பு இறந்த பிறகு, 1799இல்தான் போனது. தெளிவாக அச்சில் இருக்கிறது. நான் படிக்காததல்ல. படித்தேன், ஆனால் "நம்ம ஜில்லா" என்ற வார்த்தை கண்ணை மறைத்துவிட்டது. சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். இந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போய் 1792ஆம் வருஷத்து வரைபடத்தின்மேல் போட்டுவிட்டேன். இதில் வேடிக்கை, அன்று வேறு ராஜ்ஜியமாக இருந்த ராயக்கோட்டை இன்று நம் தாலுகாவிலேயே இருக்கிறது. நமக்கு எல்லை என்றால் மேற்கே கர்நாடகாதான் ஞாபகம் வரும். அந்த ஏழு வருடம் எல்லை கிழக்கே இருந்தது, ஸ்ரீரங்கப்பட்டணம்தான் நமக்குத் தலைநகர்.

இது சின்னத் தப்பு என்று சிலர் நினைக்கலாம். ஏழு வருடம்தானே என்று. ராயக்கோட்டை விவசாயி ரீட் துரையின் ஆட்களிடம் கிஸ்தி கட்டிக்கொண்டிருந்தபோது நம் ஊர் விவசாயி திப்புவின் அமில்தாரிடம் கட்டினார். மூன்று கோடியே முப்பது லட்சத்தை அடைக்க, மீதி இருந்த பாதி ராஜ்ஜியத்திலிருந்துதான் திப்பு வசூலிக்கவேண்டும். அந்த மீதியில் நாம் இருந்தோம். 1799 மார்ச்சில் மேலே எரிந்த வைக்கோல் அதனால்தான் எரிந்தது. நாம் இருந்தது படை புகுந்த பக்கம்.

இப்போது மார்க் விஷயம்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். எட்டாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை. ஒரு மார்க் கேள்வி நானே சேர்த்தது: "நம் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்த ஆண்டு எது?" விடை 1792 என்று நானே முடிவுசெய்தது. அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பையன் 1799 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் தப்புப் போட்டேன். பேப்பர் கொடுத்த அன்று அவன் எழுந்து வந்தான். சாதாரணமாக வாய் திறக்காத பையன். "சார், திப்பு செத்ததுக்கு அப்புறம்தான் வெள்ளைக்காரன் எங்க ஊருக்கு வந்தான்னு எங்க தாத்தா சொன்னாரு சார்."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "உங்க தாத்தா பரீட்சை எழுதலையே, நீதானே எழுதுற" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் அன்று அது நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது. அவன் பேப்பரை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். அதற்கப்புறம் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டான். ஒரு மார்க்கால் விட்டான் என்று சொல்லமாட்டேன், வீட்டில் வேறு கஷ்டங்கள் இருந்தன. ஆனால் அவன் தாத்தா சொன்னது சரி. அந்தத் தாத்தாவுக்கு அவர் தாத்தா சொல்லியிருப்பார், அவருக்கு இன்னொருவர். அஞ்செட்டிதுர்க்கம் பிடிபட்ட சேதி அந்தப் பக்கத்து வீடுகளில் இருநூறு வருடம் வாய்வழியாக நடந்து வந்து, என் வகுப்பறை வாசலில் வந்து நின்றிருக்கிறது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது இதை போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்குக் கஷ்டம், அதனால் மெதுவாகத்தான் பேசினோம். "அட்ரஸ் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஊர்ப் பேரு?" அதுவும் சரியாக ஞாபகம் இல்லை, அஞ்செட்டிக்கு அப்புறம் ஏதோ ஒரு தொட்டி என்று முடியும் பெயர். அந்தப் பக்கம் பாதி ஊர் அப்படித்தான் முடியும். "அட்ரஸ் இல்லாத லெட்டரும் போய்ச் சேர்ந்திருக்கு மேஷ்ட்ரே, நான் சேர்த்திருக்கேன்" என்றார்.

கீழே வந்து மண்டிப் பக்கம் ஒரு கடையில் சூடாக போண்டா சாப்பிட்டோம். காலையில் பார்த்த விவசாயி கிரேட்டுகளைக் காலிசெய்துவிட்டு வண்டி ஏறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "மேல போனீங்களா? என்ன இருக்கு அங்க?" என்றார். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். போஸ்ட்மாஸ்டர் என்னைக் காட்டி, "இவரைக் கேளுங்க, பஸ் வர்ற வரைக்கும் சொல்வாரு" என்றார். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது.

டப்ளின் மாணவிக்கு மலைமேல் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன். அடுத்த லீவில் வரும்போது ஏறவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். மற்றவர்களும் போங்கள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. பிளாஸ்டிக்கை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், நிறையக் கிடக்கிறது. சுவரில் பெயர் எழுதியிருப்பவர்களில் இரண்டு பெயர் எனக்குத் தெரிந்த பெயர்கள். இப்போதைக்கு வெளியே சொல்லவில்லை.

என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் பழைய நோட்டில் 1792 என்று இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக்கு 1792. தேன்கனிக்கோட்டைக்கு, கெலமங்கலத்துக்கு, ஓசூருக்கு, தளிக்கு, அஞ்செட்டிக்கு 1799. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள், நீங்கள் ஒன்பது பேர் என்று என் கணக்கு, நாளைக்கே வகுப்பில் சொல்லுங்கள்.

அந்தப் பையனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவேண்டாம். எனக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் சொன்னால் போதும், நானும் போஸ்ட்மாஸ்டரும் பஸ் பிடித்து வந்துவிடுவோம்.